வெள்ளையடிக்காத சுவரின் முன்னே

செங்கழுநீர் அறக்கட்டளை மாணவியர் விடுதியில் இருபத்து நான்கு ஆண்டுகள் தலைமைச் சமையலராகப் பணியாற்றி, உடல்நலக் குறைவால் ஓய்வு பெறும் திருமதி எல்லம்மாள் அவர்களுக்கு விடுதிப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

திருவண்ணாமலை, 30.4.1986
இடம்: விடுதிச் சமையற்கட்டு

அன்னம் அளந்த அன்புக் கரத்தினரே! ஆயிரம் பெண்மக்களின் வயிறு வாட விடாத வள்ளலே! முகம் பார்த்துப் பசியறிந்து, பசியறிந்து பதமறிந்து, பதமறிந்து பரிமாறிய பண்பின் பெட்டகமே! அடி அண்ணாமலையில் பிறந்து, அதிகாலையில் எழுந்து, அரை வயிற்றோடு நடந்து வந்து, அடுத்தவர் பிள்ளைகளுக்கு முழு வயிற்றுக்குச் சோறிட்ட அன்னையே! அறுசுவை அறிந்த அரசியே! அடுப்பங்கரையின் அணிவிளக்கே! வணக்கம்.

இதுவரை வாசித்தது அச்சகத்தார் கொடுத்தது. தேரடித் தெரு அச்சகத்தில் இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். தலைமையாசிரியருக்கு ஒன்று, தாசில்தாருக்கு ஒன்று, தபால் அதிகாரிக்கு ஒன்று. சமையலருக்கு இதுவரை யாரும் மடல் அடித்ததில்லையாம். ஆகவே தலைமையாசிரியருக்கு உரியதை எடுத்து, அறிவு என்று இருந்த இடத்தில் அன்னம் என்று மாற்றி, தங்கள் ஊரையும் அடுப்பையும் சேர்த்துத் தந்தார்கள். அதன் கீழே வெற்றிடம் விட்டு, ஒரே பெரிய தாளாக அடிக்கச் சொல்லி வாங்கிவந்தோம். இனி வருவது நாங்கள் எங்கள் கையால் எழுதியது. இதில் எதுகை மோனை கம்மியாக இருக்கும்.

விழாவை மாடிக் கூடத்தில் மின்விசிறியின் கீழ் வைத்திருக்கலாமே என்று அறக்கட்டளைச் செயலாளர் தியாகேசன் ஐயா காலையில் கேட்டார். ஆண்டுக்கு இருமுறை நம்மைப் பார்வையிட வருபவர். இன்றைக்கு விழாத் தலைவர். தங்களால் படியேற முடியாது என்று சொன்னோம். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் ஐயாவின் நாற்காலியைப் பெரிய அடுப்பிலிருந்து நான்கு முழத்தில் போட்டிருக்கிறோம். தங்கள் நாற்காலியை மட்டும் வெளியே முற்றத்தில், காற்று வரும் வேப்பமரத்தடியில் போட்டிருக்கிறோம். அடுப்பு எரிகிறது. தங்களிடம் பத்தாண்டு உதவியாளராக இருந்த சரோஜா பாயசம் கிண்டிக்கொண்டிருக்கிறாள். விறகு வேலிக்காத்தான், நேற்று வந்தது, இன்னும் காயவில்லை. அது பிடிப்பதற்காக மல்லாட்டைத் தோலை, வேர்க்கடலைத் தோலைத்தான், அள்ளிப் போட்டிருக்கிறாள். விழாவுக்கென்று எதையும் மாற்றவில்லை; எல்லா நாளும் எரிவதுதான் இன்றும் எரிகிறது.

இந்நேரம் முன்வரிசையில் இருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். பிரிவு விழாவில் அது வழக்கம்தான். ஆனால் இது பிரிவினால் அல்ல என்பது தங்களுக்குத் தெரியும், அம்மா.

தாங்கள் என்று எழுதும்போதே கை கூசுகிறது. இருபத்து நான்கு ஆண்டுகளாக இந்த வளாகத்தில் தங்களை 'ஏ எல்லம்மா, இங்க வா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம். ஓய்வு பெறும் நாளில், காகிதத்தில், தாங்கள். மரியாதைக்கு இவ்வளவு தாமதம் ஆகும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பியிருப்போம்.

1962ஆம் ஆண்டு ஜூன் மாதம், இருபத்தெட்டு வயதில் இந்த வாசற்படி ஏறினீர்கள். மறு ஆண்டு தங்கள் மகள் வேதா பிறந்தாள். அவளைத் தூளியில் போட்டு ஆட்ட, இதோ தலைக்கு மேலே தெரியும் உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி அடித்தீர்கள். ஒரு காலால் தூளிக் கயிற்றை இழுத்துக்கொண்டே தொண்ணூறு பெண்களுக்குக் குழம்பு கூட்டியவர் தாங்கள். உப்பு பார்க்காமல் உப்புப் போடுவீர்கள், ஒரு நாளும் தப்பியதில்லை.

வீட்டை விட்டு முதன்முதலாக வரும் பெண்கள் முதல் வாரம் சாப்பிட மாட்டார்கள். தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் திட்டாமல், கொஞ்சாமல், சமையற்கட்டு வாசலில் உட்கார வைத்து, ஒரு கூடை சின்ன வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொல்வீர்கள். எதற்கு என்று கேட்டோம். "வெங்காயத்து மேல பழியப் போட்டுட்டு நல்லா அழுதுடட்டும்ங்க. அப்புறம் தன்னால பசிக்கும்" என்றீர்கள். பசித்தது. அந்தப் பெண்களில் இரண்டு பேர் இன்று ஆசிரியைகள், ஒருத்தி வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அழுகிறவர்களுக்கெல்லாம் வெங்காயம் கொடுத்தீர்கள். தங்கள் கண்ணில் வழிந்ததற்கு என்ன காரணம் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை.

அந்த நாளில் இந்தச் சமையற்கட்டின் வடக்குச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியே மலை தெரியும். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அங்கே நின்று கும்பிட்டுவிட்டு அடுப்புக்குத் திரும்புவீர்கள். 1971இல் ஒரு புண்ணியவான் அரிசி வைக்க அறை கட்டிக் கொடுத்தார். அவர் பெயர் பொறித்த கல்லோடு அந்த அறை வடக்குச் சுவரில் முட்டிக்கொண்டு எழுந்தது. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அரிசிக்கு அறை கிடைத்தது. புகைக்கு இருந்த வழி போயிற்று. மேலே மெத்தைத் தளம், மூன்று பக்கமும் சுவர். அன்றிலிருந்து புகை வெளியே போக இருப்பது தாங்கள் உள்ளே வர இருக்கும் அதே ஒற்றைக் கதவுதான். தாங்கள் உள்ளே, அது வெளியே. பதினைந்து ஆண்டுகள் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டீர்கள். அடி அண்ணாமலையில் தங்கள் கூரை வீட்டில் அடுப்பு முற்றத்தில் இருக்கிறது. குடிசையில் கிடைத்த நல்ல காற்று அறக்கட்டளைக் கட்டடத்தில் கிடைக்கவில்லை.

இதற்கு மேல் நாங்கள் என்று எழுதுவது கோழைத்தனம். எழுதுகிறவள் நான், நீலாம்பாள், இந்த விடுதியின் காப்பாளர். கோயில் பூசை செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். சுத்தம் என்றால் எனக்கு உயிர். நான் வந்த ஆண்டிலிருந்து ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். செயலாளர் வருகை என்று கடிதம் வந்தால் ஒரு வாரம் முன்பே சமையற்கட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். காவலாளி சின்னசாமி தேங்காய் நார் வைத்துக் கரியைச் சுரண்டுவார், பிறகு இரண்டு பூச்சு சுண்ணாம்பு. வருகை நாளன்று பெரிய அடுப்பை மூட்டக் கூடாது. தாழ்வாரத்தில் இரண்டு மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து உப்புமா கிண்டிவிட வேண்டும். ஐயா வருவார், பார்ப்பார், பார்வையாளர் நோட்டில் பாராட்டி எழுதுவார், காபி குடிப்பார், போவார். மறுநாள் காலை விறகு ஏறும். மூன்றாம் வாரம் சுவர் மஞ்சளாகும், இரண்டாம் மாதம் கருகும். அடுத்த கடிதம் வரும்போது மறுபடி சுண்ணாம்பு.

தாங்கள்கூட அதில் சேர்ந்தீர்கள், அம்மா. இதையும் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டு சுவர் சற்று மங்கலாக இருக்கிறது என்று நான் முகம் சுளித்தபோது, தாங்கள்தான் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் நீலம் கலந்தா பளிச்சுனு இருக்குங்கம்மா" என்றீர்கள். அன்றிலிருந்து நீலம் கலந்தோம். தங்கள் சமையற்கட்டு அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் தங்களுக்கு அவ்வளவு பெருமை. எங்கள் எல்லாருக்கும் அந்தப் பெருமை இருந்தது. பெருமை நம் கண்ணை மறைத்துவிட்டது.

1978இல் தங்களுக்கு இருமல் நிற்கவில்லை. ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு புகைபோக்கியாவது வைக்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டீர்கள். நான் அறக்கட்டளைக்கு எழுதினேன். அடுத்த வருகையில் ஐயா அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நான்கு நாள் முன்புதான் வெள்ளையடித்திருந்தோம். அவர் நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தார். சுவரை விரலால் தொட்டு, விரலையும் பார்த்தார். "எங்கம்மா புகை? செவுரு பால் மாதிரி இருக்குதே" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. புகை உண்டு என்று சொன்னால் வெள்ளையடித்து மறைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். அதுவரை அவர் நோட்டில் எழுதிய நல்ல வார்த்தைகள் எல்லாம் பொய்யாகிவிடும். தாங்கள் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சொல்வேன் என்று நம்பித்தான் நின்றீர்கள். புகைபோக்கிக்கு அவசியமில்லை என்று ஐயா எழுதிவிட்டுப் போனார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் காட்டியதை அவர் பார்த்தார். அடுப்பு ஏன் குளிர்ந்து கிடக்கிறது என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, அவ்வளவுதான். அன்று வாயை மூடிக்கொண்டவள் நான்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் எங்கள் கண் முன்னேதான் நடந்தது. அரிசிப் பானையை ஒரே மூச்சில் இறக்குகிறவர், பாதி வழியில் சுவரில் சாய்ந்து நின்றீர்கள். வயதாகிறது என்றோம். கால் வீங்கியது, எல்லம்மாவுக்கு உடம்பு போட்டுவிட்டது, விடுதிச் சோறு ஒட்டுகிறது என்று கேலி செய்தோம். தாங்களும் சிரித்தீர்கள். விரலுக்குள் மெட்டி புதைந்துபோய்ப் பத்தரைக் கூப்பிட்டு வெட்டி எடுக்க வேண்டி வந்தது. அப்போது நாங்கள் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் எதுவும் செய்யவும் இல்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினீர்கள். விடிந்ததும் அதே மூச்சோடு நடந்து வந்து அடுப்பு ஊதினீர்கள்.

சென்ற கார்த்திகைத் தீபத்துக்கு, வழக்கம்போலப் பெண்கள் ஊருக்குப் போய்விட, வெளியூரிலிருந்து வந்த ஐந்நூறு பேருக்கு விடுதியில் அன்னதானம். ஊரே அண்ணாந்து மலையைப் பார்த்து அரோகரா என்று கூவிய நேரத்தில் இந்த அடுப்பின் முன்னே விழுந்தீர்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. சின்னசாமியும் சரோஜாவும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தங்களைத் தூக்கிப் போனார்கள். கூட வந்த என்னைப் பார்த்து எல்லாரும் வழி விட்டார்கள். தங்களை ஏதோ அருள் வந்து விழுந்தவள் என்று நினைத்து ஒருவர் கையெடுத்துக்கூடக் கும்பிட்டார்.

மருத்துவர் ஒரு பெண்மணி. படம் எடுத்துப் பார்த்தார். எத்தனை வருஷமாக பீடி பிடிக்கிறாய் என்று தங்களிடம் கேட்டார். பேச மூச்சு இல்லாத நேரத்திலும் தாங்கள் சொன்னீர்கள்: "பீடி இல்லீங்கம்மா. அடுப்பு."

அவர் எனக்கு விளக்கினார். பல ஆண்டுப் புகையில் நுரையீரல் கெட்டுப் போயிருக்கிறது. கெட்ட நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளர்ந்துவிட்டது. கால் வீக்கம் சோற்றினால் வந்ததல்ல, இதயம் கைவிட்டதால் வந்தது. மாத்திரையால் வீக்கத்தைக் குறைக்கலாம், போன இதயம் பழையபடி வராது. இனிமேல் புகை இருக்கும் இடத்தில் ஒரு நாளும் நிற்கக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தச் சமையற்கட்டு எப்படி இருக்கும் என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா, அம்மா? தாங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள், கேட்டீர்களோ இல்லையோ. பழகிய நாக்கு தன் வேலையைச் செய்தது. "ரொம்ப சுத்தமா இருக்கும் டாக்டர். வருஷத்துக்கு ரெண்டு தடவை வெள்ளையடிச்சுடறோம்" என்றேன்.

அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு தடவை எதுக்குங்க அடிக்கணும்?" என்று கேட்டார்.

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. ஐந்து மாதம் ஆகிறது. இந்த மடல்தான் அந்தப் பதில்.

இனி மீண்டும் நாங்கள். இன்று மேசையில், பொன்னாடைக்குப் பக்கத்தில், ஓர் உறை இருக்கிறது. வேதாவுக்குத் தங்கள் இடத்தில் வேலை தரும் உத்தரவு. ஜூன் மாதம் விடுதி திறக்கும் நாளில் அவள் சேர வேண்டும். அறக்கட்டளையின் கருணை என்று அதைச் சொல்கிறார்கள். கருணைதான். தாங்களே போய்க் கேட்டு வாங்கியது. "என் பொண்ணுக்கு அந்த அடுப்பையே குடுத்துடுங்கய்யா, வேற ஒண்ணும் கேக்கல" என்று தாங்கள் செயலாளரிடம் கேட்டதாகச் சின்னசாமி வந்து சொன்னார். தங்களைத் தூக்கிப் போட்ட அடுப்பை மகளுக்கென்று கேட்டு வாங்கும்படி தங்களை வைத்திருந்தோம். இதை எழுதும்போது எங்களுக்கு எங்கள் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வேதா போன வாரம் இங்கே வந்தாள். இடுப்பில் ஆறு மாதக் கைக்குழந்தை. கைக்குழந்தையை விட்டுவர வீட்டில் ஆள் இல்லை. நேரே உத்தரத்தின் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறினாள். தன்னைப் போட்டு ஆட்டிய கொக்கியை முந்தானையால் துடைத்தாள். முந்தானை கறுப்பாகிவிட்டது. கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கெட்டியாக இருக்கிறது என்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கும் இருமல் இருக்கிறது, அம்மா. சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. அதை நாங்கள் கவனிக்காத நாளும் உண்டு, கவனித்துவிட்டுச் சும்மா இருந்த நாளும் உண்டு.

ஆகவே, இந்த விழாவுக்கு நாள் குறித்துச் செயலாளர் வருகை என்று கடிதம் வந்தபோது, எங்கள் பணிக்காலத்தில் முதல் முறையாகச் சுண்ணாம்பு வாங்கவில்லை. சின்னசாமி இரண்டு முறை வந்து கேட்டார். வேண்டாம் என்றோம். ஐயாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரை ஐயா திரும்பிப் பார்க்க வேண்டுகிறோம். 1978இல் தொட்ட அதே சுவர்தான். விரலால் மீண்டும் ஒரு முறை தொட்டுப் பார்க்கலாம்.

ஜூன் மாதத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அடைத்த ஜன்னலைத் திறக்க வேண்டும். அரிசியை வேறெங்கும் வைக்கலாம், மனிதருக்கு மூச்சு வேறெங்கும் இல்லை. மெத்தையைத் துளைத்துப் புகைபோக்கி வைக்க வேண்டும். அதுவரை வேதா இந்தக் கதவுக்குள் காலெடுத்து வைக்க மாட்டாள், சரோஜாவும் வைக்க மாட்டாள். முற்றத்தில் வேப்பமரத்தடியில் கல்லடுக்கி மூட்டுவோம். மழை வந்தால் சோறு தாமதமாகும். அன்று பெண்களோடு நாங்களும் காத்திருப்போம். இதற்காக எங்களில் யாரையாவது வீட்டுக்கு அனுப்புவதென்றால், காப்பாளரிலிருந்து ஆரம்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வெள்ளையடிக்கச் சொன்னவள் அவள்தான்.

தங்களுக்கு இன்று செயலாளர் பொன்னாடை போர்த்துவார். நாங்கள் குத்துவிளக்கு வாங்கவில்லை. மூன்று தலையணை வாங்கியிருக்கிறோம், இலவம் பஞ்சு. இரண்டு முதுகுக்கு, ஒன்று காலுக்கு. மருத்துவர் சொன்ன உயரம்தான்.

நூறாண்டு வாழ்க என்று முடிக்கும்படி அச்சகத்து நோட்டில் இருக்கிறது. தங்கள் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யையும் சொல்ல எங்களால் முடியவில்லை. அண்ணாமலையாரிடம் நாங்கள் வேண்டுவது சின்ன விஷயம். ஒரே ஒரு இரவாவது தாங்கள் உட்காராமல், மல்லாந்து படுத்து, விடிய விடியத் தூங்க வேண்டும். விடிந்த பிறகு யாருக்கும் அடுப்பு மூட்டப் போகாமல் படுத்தே கிடக்க வேண்டும். வரும் கார்த்திகைக்கு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எரியாத கண்ணால் தீபம் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் கிடைத்தால் அதற்கு மேல் எத்தனை நாள் கிடைத்தாலும் அது தங்களுடையது.

இம்மடலைக் கண்ணாடி போட்டுச் சட்டமிட்டிருக்கிறோம். தங்கள் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியது, அனுப்பவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் சின்னசாமி ஸ்டூலில் ஏறி, உத்தரத்துக் கொக்கியில் இதை மாட்டுவார். ஜன்னலும் புகைபோக்கியும் வந்தால் இதன் எழுத்து என்றைக்கும் தெளிவாகத் தெரியும். அவை வராமல், எங்களை அனுப்பிவிட்டு வேறு யாரையோ வைத்து இங்கே அடுப்பு மூட்டினால், இரண்டே மாதத்தில் கறுத்துவிடும். வருகிற அதிகாரி அண்ணாந்து பார்த்தால் போதும். சுவருக்கு வெள்ளையடிக்கலாம், கண்ணாடிக்கு அடிக்க முடியாது.

வேதாவின் குழந்தைக்குத் தூளி கட்ட வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள், அம்மா. இந்தக் கொக்கியில் இனி இடம் இல்லை.

இத்தனை காலம் சுண்ணாம்பு கரைத்த கைகளால் ஒப்பமிடுவோர்,

நீலாம்பாள், காப்பாளர்
சரோஜா, உதவிச் சமையலர்
சின்னசாமி, காவலாளி
மற்றும் விடுதிப் பணியாளர்கள்